எஞ்சின் கிடைத்தது சரி, பெல் ஹவுசிங் பொருந்துமா?

பழைய பெட்ரோல், மண்ணெண்ணெய் டிராக்டரில் டீசல் எஞ்சின் ஏற்றுவது பற்றி நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் எஞ்சினை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் கேட்கிறார்கள். வாங்கும் முன் கேட்டிருந்தால் பாதிப் பேருக்குச் செலவு மிச்சமாகியிருக்கும். இந்த வேலையில் எஞ்சின் சுலபமாகக் கிடைத்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவைதான் பாடாய்ப் படுத்தும், முக்கியமாக எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்.

அண்ணாச்சி, தாத்தா வாங்கிய ஃபெர்குசன் டிஇ 20 தொழுவத்தில் கிடக்கிறது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. காயலான் கடையில் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரின் சிம்சன் எஞ்சின் ஒன்று இருக்கிறது. வாங்கலாமா? (கல்லிடைக்குறிச்சி)

வாங்கும் முன் உங்கள் வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். சேசிஸ் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. முன்னச்சு எஞ்சினின் முகப்பில் தொங்குகிறது, எஞ்சினின் பின்புறம் கியர் பெட்டியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அந்த வண்டிக்கு எஞ்சின்தான் முதுகெலும்பு. அதனால் ஜீப் எஞ்சினோ வேன் எஞ்சினோ மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்து உள்ளே வைத்தால், பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் மொத்தப் பாரமும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத வார்ப்பில் விழும். இருபுறமும் கனத்த பிரேம் கட்டினால்தான் அது நிற்கும். சிம்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின் டிராக்டருக்கென்றே செய்தது, பாரம் தாங்கும். அந்த வகையில் நீங்கள் பார்த்து வைத்திருப்பது நல்ல தேர்வுதான்.

இதற்கு வம்சாவளியும் உண்டு. டிஇ 20 வரிசை 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1951-லேயே அதற்குத் தொழிற்சாலை டீசல் வடிவம் வந்துவிட்டது. பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்களுக்காக பெர்கின்ஸ் பி3 என்ற மூன்று சிலிண்டர் எஞ்சினும் மாற்று செட்டாக விற்கப்பட்டது. அடுத்து வந்த 35 மாடலில் முதலில் போட்ட ஸ்டாண்டர்ட் டீசல் எஞ்சின் காலையில் கிளம்ப மறுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1959 கடைசியில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் அதன் இடத்துக்கு வந்தது. சென்னையில் பெர்கின்ஸ் உரிமத்தில் வளர்ந்ததுதான் சிம்சன். ஆக, நீங்கள் நினைப்பது புதிய யோசனை இல்லை, எழுபது வருடமாக நடக்கிற வேலை. அதற்காக, வம்சம் ஒன்று என்றால் போல்ட் ஓட்டையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். ஃப்ளைவீல், கிளட்ச், பின் தகடு, செல்ஃப் மோட்டார், டீசல் பம்ப், பைப்புகள், ரேடியேட்டர், முன்னச்சைத் தாங்கும் வார்ப்பு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வரட்டும். பின்னால் ஒவ்வொன்றாகத் தேடி அலைந்தால் எஞ்சின் விலையைத் தாண்டிவிடும்.

பிறகு எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்க நடுவில் ஓர் அடாப்டர் தகடு. தடித்த எஃகில், லேத் பட்டறையில், டவல் பின் (தகடு இம்மியும் நகராமல் நிறுத்தும் முளை) வைத்துச் செய்ய வேண்டும். கேஸ் கட்டரில் அறுத்து, கண் மதிப்பில் துளை போட்ட தகடு வேண்டவே வேண்டாம். தகட்டைப் பூட்டியதும் ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை அளக்கும் கருவி) வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, கியர் பெட்டி உட்காரும் வட்டம் மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 0.15 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் காட்டினால் விடாதீர்கள். அந்த விலகலோடு ஓட்டினால் முதலில் கியர் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங், அப்புறம் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி, கடைசியில் கியர் பெட்டியின் முன் பேரிங் என்று வரிசையாகப் போகும். போனபிறகு எல்லோரும் கியர் பெட்டியைத்தான் குறை சொல்வார்கள்.

கியர் ஷாஃப்டின் நுனி பைலட் பேரிங்கில் முழுதாக உட்கார வேண்டும், ஆனால் கிராங்கின் அடியில் இடிக்கக் கூடாது. கிளட்ச் பிளேட் ஒட்டுப் போட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும்: நடுவில் உள்ள பல் ஃபெர்குசன் ஷாஃப்டுக்கு, வெளி வட்டம் சிம்சன் ஃப்ளைவீலுக்கு.

ஒரு விஷயம். அந்த வண்டியில் கியர் கம்பியை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் செல்ஃப் பிடிக்கும். கியரில் இருக்கும்போது தெரியாமல் கிளம்பிவிடாதபடி செய்த அருமையான ஏற்பாடு அது. மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டு பட்டன் வைக்கச் சொல்வார். சம்மதிக்காதீர்கள். டீசல் செல்ஃபின் கரன்ட்டை அந்தப் பழைய சுவிட்ச் தாங்காது, ஆகவே நடுவில் ஒரு சொலினாய்டு (கனத்த கரன்ட்டைத் தாங்கும் காந்த சுவிட்ச்) வைத்து, அதை இயக்க மட்டும் பழைய சுவிட்சைப் பயன்படுத்துங்கள்.

பழைய எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடாமல் எண்ணெய் விட்டு மூடி வையுங்கள். கியர் பெட்டி வார்ப்பில் எதையும் அறுக்கவும் வேண்டாம். என்றைக்காவது உங்கள் பிள்ளைகள் பழையபடி பூட்ட ஆசைப்படலாம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டீசலைத் தெளிக்கும் நாசில் மாட்டினால் டீசல் ஆகிவிடாதா? (பாலிடெக்னிக் மாணவர், பேட்டை)

ஆகாது தம்பி. மண்ணெண்ணெய் எஞ்சினின் அழுத்த விகிதம் (சிலிண்டரில் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) சுமார் ஐந்துக்கு ஒன்று, பெட்ரோல் டிராக்டரில் ஆறுக்கு ஒன்று. டீசல் தானாகப் பற்ற 16-க்கு ஒன்றாவது வேண்டும். அந்த அளவு நெருக்கினால்தான் காற்று 500 டிகிரியைத் தாண்டிச் சுடும். ஹெட்டை இழைத்து, பிஸ்டனை உயர்த்தி அதைக் கொண்டுவந்தாலும் கிராங்கும் பேரிங்கும் அந்த அடிக்குச் செய்தவை இல்லை.

பழைய வண்டியில் பெரிய டீசல் எஞ்சின் போட்டோம். ரோட்டில் பறக்கிறது. தொழி உழவில் (தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவு) கேஜ் வீலோடு (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) இறங்கிய முதல் வாரமே கியர் பல் உடைந்துவிட்டது. மட்டமான கியரா? (அம்பாசமுத்திரம்)

கியர் பாவம். 25 எச்பி அளவுக்குச் செய்த பெட்டியில் அதைவிட ஒன்றரை மடங்கு இழுவையைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? பெட்ரோல் எஞ்சின் பாரம் ஏறினால் திணறி நின்றுவிடும், அந்தத் திணறலே கியருக்குப் பாதுகாப்பு. டீசல் குறைந்த வேகத்திலும் விடாமல் இழுக்கும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் தாமிரபரணிப் பாசன வயலில் கேஜ் வீல் சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது, டயர் என்றால் வழுக்கியாவது விடும். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காதபோது நடுவில் இருக்கிற பல்தான் உடையும்.

செய்யவேண்டியது: டீசல் பம்ப்பைக் கழற்றி கேலிபரேஷன் பெஞ்சில் (பம்ப்பை அளந்து சரிசெய்யும் இடம்) கொடுத்து, டீசல் அளவையும் உச்ச வேகத்தையும் குறைத்து வையுங்கள். பழைய எஞ்சினின் உச்ச வேகம் 2000 சுற்று என்றால் புதியதும் அதிலேயே நிற்கட்டும். பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பிடிஓ ஷாஃப்டின் கணக்கும் அப்போதுதான் சரியாக இருக்கும். உதாரணமாக டிஇ 20-இல் எஞ்சின் 1500 சுற்றில் ஓடும்போது பிடிஓ 545 சுற்று வரும். வேன் எஞ்சினைப் போட்டு 3000-க்கு முறுக்கினால் பின்னால் மாட்டிய கருவி சிதறும், ஆளுக்கும் ஆபத்து. பம்ப் சீலை உடைத்து ‘கொஞ்சம் ஏத்தி விடுறேன்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கல்லிடைக்குறிச்சி வாசகருக்கும் இதே பதில்தான்.

உடைந்த கியரை மாற்றிய பிறகு கேஜ் வீலுக்குப் பதில் கொஞ்ச நாள் டயரிலேயே உழுது பாருங்கள்.

மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. எங்கள் பக்கம் தேரி மணல். காரணம் அதுதானா? (திசையன்விளை)

அநேகமாக அதுதான். பழைய பெட்ரோல் வண்டியின் ஏர் கிளீனரையே வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெட்ரோல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் தகடு ஒன்று உண்டு, ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் காற்றும் குறையும். டீசலில் அப்படி இல்லை, சும்மா நிற்கும்போதும் சிலிண்டர் நிறையக் காற்று இழுக்கும். சின்ன கிளீனர் அதற்குப் போதாது. தேரியின் செம்மணல் நைசானது, லைனருக்கும் ரிங்குக்கும் நடுவில் அரைத்துக்கொண்டே இருக்கும்.

எஞ்சினோடு வந்த ஆயில் பாத் கிளீனரையே மாட்டுங்கள். கிண்ணத்தில் எண்ணெய் கோடு வரை இருக்க வேண்டும், குறைந்தாலும் கூடினாலும் கெடுதல். உங்கள் பக்கத்தில் உழவு நாட்களில் தினமும் திறந்து பாருங்கள். கிளீனருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. அந்த ஹோஸைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

பழைய டேங்கையே வைத்துக்கொள்ளலாமா? அடிக்கடி ஏர் பிடிக்கிறது. (சங்கரன்கோவில்)

துருப் பிடிக்காமல் சுத்தமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். நாசிலிலிருந்து மிஞ்சும் டீசல் திரும்பி வர ஒரு குழாய் வேண்டும், பழைய டேங்கில் அதற்கு வாய் இருக்காது, வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய கால்வனைஸ் பைப்பும் டேங்கும் டீசலுக்கு ஆகாது, பூச்சு கரைந்து ஃபில்டரை அடைக்கும். ஏர் பிடிப்பதற்குப் பெரும்பாலும் லிஃப்ட் பம்ப்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்) முன்னால் உள்ள இணைப்புதான் காரணம். அங்கே டீசல் வெளியே ஒழுகாது, காற்றை உள்ளே இழுக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. செப்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

மிச்சம் இருக்கும் மண்ணெண்ணெயை டீசலில் கலக்க வேண்டாம். டீசல் பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய்ப் பசை, மண்ணெண்ணெய் அதைக் குறைத்துவிடும்.

காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது. ஹீட்டர் பிளக் வைக்கலாமா? (வள்ளியூர்)

வள்ளியூர் வெயிலுக்கு ஹீட்டரா? நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின் நம் ஊரில் எது இல்லாமலும் கிளம்பும். பழைய 6 வோல்ட் வயரை அப்படியே விட்டுவிட்டு 12 வோல்ட் பேட்டரி மட்டும் மாற்றியிருப்பீர்கள். கனத்த கேபிள், பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த், 88 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இதற்கும் சரிவராவிட்டால் கம்ப்ரஷன் பாருங்கள்.

சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்கவில்லை. (களக்காடு)

டீசல் அப்படித்தான், ஸ்பார்க் இல்லையே. பம்ப்பில் உள்ள ஸ்டாப் லீவருக்கு ஒரு கேபிள் இழுத்து டேஷ்போர்டில் குமிழ் வையுங்கள். கிளட்சை விட்டு நிறுத்தும் பழக்கம் வேண்டாம்.

என்னிடம் ஃபோர்ட்சன் மேஜர் இ27என் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. டீசலுக்கு மாற்றினால் மதிப்பு கூடுமா? (பாளையங்கோட்டை)

ஓடுகிற வண்டியைத் தொடாதீர்கள். அந்த மாடல் 1945 முதல் 1952 வரை வந்தது. அதிலேயே பெர்கின்ஸ் பி6 ஆறு சிலிண்டர் டீசலோடு தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளும் உண்டு. பி6 கிடைத்தால் அது அந்தக் காலத்து ஜோடி, கௌரவம்தான். வேறு எஞ்சின் எதைப் போட்டாலும் வெறும் இழுவை வண்டி ஆகிவிடும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் எஞ்சினோ சேசிஸோ மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்கிறது.

மண்ணெண்ணெயில் ஓட்டுவதாக இருந்தால் எஞ்சின் அடித்தொட்டியில் இருக்கும் சம்ப் ஆயிலை அடிக்கடி மாற்றுங்கள், எரியாத மண்ணெண்ணெய் அதில் இறங்கி நீர்க்கச் செய்துவிடும்.

வயலுக்குள்தானே ஓடுகிறது, ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டுமா? (பாவூர்சத்திரம்)

வயலுக்குப் போக ரோட்டைத் தாண்டத்தானே வேண்டும்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி எஞ்சின் வகை மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். எரிபொருள், எஞ்சின் எண் இரண்டும் ஆர்.சி.யில் மாற வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். வேலை தொடங்கும் முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், காயலான் கடைக்காரரிடம் அது எந்த வண்டியினுடையது என்று எழுதி வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே எஞ்சின் எண்ணைப் பென்சில் பிரதி எடுத்துவிடுங்கள், அதன்மேல் பெயின்ட் ஏறிவிட்டால் பிரதி தெளிவாக விழாது.