டெமோ வரை சரி, அப்புறம் பதிலே இல்லை: விற்பனைப் பயிற்சிக்கு யாரை அழைப்பது?

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். ஆலைகளில் இயந்திரப் பராமரிப்பைத் திட்டமிட உதவும் மென்பொருள் எங்களுடையது. ஸ்பின்னிங் மில்கள், பவுண்டரிகள், பம்ப் தயாரிப்பாளர்கள்தான் வாடிக்கையாளர்கள். விற்பனையில் எட்டுப் பேர். அவர்களில் ஐந்து பேர் இன்ஜினியர் வேலையிலிருந்து மாறியவர்கள். டெமோ நன்றாகத்தான் போகிறது, அதன் பிறகு பதிலே வருவதில்லை. பயிற்சிக்காக மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். ஒரு பன்னாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் இரண்டு நாள் வொர்க்‌ஷாப், ஐ.டி. நிறுவனமொன்றில் விற்பனைத் தலைவராக இருந்த ஒருவரின் மூன்று மாதப் பயிற்சி. ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் கட்டும் ஆன்லைன் வகுப்பு. எதை எடுக்கலாம்?

பதில்: கொட்டேஷன்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போன ஓராண்டில் கைவிட்டுப் போன டீல்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது, கடைசியாக யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் சி.ஆர்.எம். மென்பொருள் இல்லாவிட்டால் எக்செல் போதும். "டாலி கணக்கு மென்பொருளோடு இணையவில்லை" என்பதே திரும்பத் திரும்ப வந்தால் அது டெவலப்மென்ட் குழு செய்ய வேண்டிய வேலை. இன்சென்டிவை டெமோ எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியென்றால் ஆட்கள் டெமோதான் செய்வார்கள், ஆர்டர் வராது. இந்த இரண்டையும் எந்தப் பயிற்சியாளராலும் சரிசெய்ய முடியாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொரு சந்தேகம். டெமோ பார்ப்பவர் மெயின்டனன்ஸ் மேனேஜர். அவருக்குப் பிடித்துவிடுகிறது. பணம் கொடுப்பது எம்.டி., அல்லது முதலாளி குடும்பத்தில் கணக்கு வழக்கைப் பார்ப்பவர். மேனேஜர் மேலே போய்ப் பேச அவர் கையில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் உங்கள் இன்ஜினியர்கள் அவருக்கு எல்லா ஸ்கிரீனையும் காட்டினார்களே தவிர, ஒரு கணக்கைக் கொடுக்கவில்லை.

இந்தக் குறைக்கு எந்த முறை பொருந்தும் என்று பார்க்கலாம். விற்பனை ஆராய்ச்சியாளர் நீல் ராக்கம் தன் ஹத்வெய்ட் நிறுவனத்தின் மூலம் 12 ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து உருவாக்கியது 'ஸ்பின்' என்ற கேள்வி கேட்கும் முறை. சின்ன விற்பனையில் பலிக்கிற 'குளோசிங்' உத்திகள், அதாவது உடனே ஆர்டர் வாங்க நெருக்கும் வழிகள், பெரிய விற்பனையில் எதிர்விளைவையே தரும் என்பது அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. அதனால் "குளோசிங் டெக்னிக்" என்று முதல் பக்கத்திலேயே போடுகிறவர்களை நான் விட்டுவிடுவேன். ஸ்பின்னில் பிரச்சினையைக் கேட்பதோடு நிறுத்தாமல் அதன் விளைவையும் கேட்க வேண்டும். "ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) மாதத்தில் எத்தனை முறை திடீரென்று நிற்கிறது?" என்று எல்லோரும் கேட்பார்கள். "நின்றால் அந்த ஷிப்டில் எத்தனை கிலோ நூல் போகும்? டெலிவரி தள்ளிப்போனால் வாங்குபவர் என்ன செய்வார்?" என்று அடுத்துக் கேட்டால், மேனேஜரே வாய்விட்டு ஒரு தொகையைச் சொல்வார். எம்.டி. அறைக்குள் அவர் கொண்டுபோக வேண்டியது அந்தத் தொகைதான்.

1990களில் பி.டி.சி. என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் பிறந்த 'மெடிக்' முறை உங்களுடைய அடுத்த ஓட்டைக்கு: பணம் யார் கையில், எதை வைத்து முடிவு செய்வார்கள், கோப்பு எந்த வழியில் நகரும், உள்ளே நமக்காகப் பேசப்போவது யார். மாதக்கணக்கில் இழுக்கும் டீலுக்கு இது நல்லது. போனிலேயே முடிகிற சின்னச் சந்தாவுக்கு வெறும் படிவம் நிரப்பும் வேலை. வாடிக்கையாளருக்கே அவர் தொழிலைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும் 'சேலஞ்சர்' பாணியை யாராவது பரிந்துரைத்தால், இப்போதைக்கு வேண்டாம். முப்பது வருடம் மில் நடத்தியவரிடம் புதியவர் ஒருவர் அதைச் செய்தால் காபியோடு அனுப்பிவிடுவார்கள்.

சரி, முறை எதுவானாலும் சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் முக்கியம். உங்களிடம் விற்க வந்தவரே வகுப்பெடுப்பார் என்று நினைக்காதீர்கள், பெரிய நிறுவனங்களில் அநேகமாக வேறொருவர்தான் வருவார். அவரிடம் பேசிவிட்டு, அவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்களிடம் எப்படி விற்றார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் டீல்களைப் பற்றிக் கேட்டார்களா, அல்லது அறுபது ஸ்லைடைக் காட்டி "இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்றார்களா? உங்கள் ஆட்களுக்கும் அதையேதான் கற்றுக்கொடுப்பார்கள்.

முதல் இரண்டு பேரிடமும் மூன்று அழைப்புப் பதிவுகளைக் கொடுங்கள், வாடிக்கையாளர் பெயரை நீக்கி, ரகசியக்காப்பு ஒப்பந்தம் போட்டு. எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணம் கேட்டால் கொடுக்கலாம், தப்பில்லை. "உங்கள் ஆள் பதிமூன்று நிமிடம் தொடர்ந்து பேசினார், மேனேஜர் நடுவில் சொன்ன பேரிங் பிரச்சினையைக் கண்டுகொள்ளவே இல்லை" என்கிற மாதிரி பதில் வந்தால் நம்பலாம். பதிவைக் கேட்காமலே திட்டம் அனுப்புகிறவர் எல்லோருக்கும் அனுப்பும் திட்டத்தைத்தான் அனுப்புகிறார்.

வாடிக்கையாளர் போல ஒருவர் நடிக்க, விற்பனை பேசிப் பழகும் ரோல் பிளே எந்த மொழியில் என்றும் கேளுங்கள். உங்கள் ஆட்கள் பேசப்போவது பல்லடத்திலும் உடுமலையிலும். "பட்ஜெட் உங்கள் அதிகாரத்தில் இருக்கிறதா?" என்று ஒரு மேனேஜரிடம் நேராகக் கேட்டால் அவர் முகம் சுருங்கும். "போன தடவை இந்த மாதிரி ஒண்ணு வாங்கினப்போ யார் யார் பார்த்து ஓகே பண்ணாங்க சார்?" என்றால் கதையாகவே சொல்லிவிடுவார். இந்த வித்தியாசம் தெரிந்தவர் வேண்டும்.

பயிற்சியாளரின் பழைய வாடிக்கையாளர்களிடம் விசாரிக்கும்போது எச்.ஆரை விட்டுவிட்டு விற்பனை மேலாளரைப் பிடியுங்கள். "ஆறு மாதம் கழித்தும் உங்கள் ஆட்கள் கற்றதைச் செய்கிறார்களா?" என்பது ஒன்றுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. வகுப்பு முடிந்ததும் வாங்கும் ஃபீட்பேக் படிவம், பயிற்சியின் பலனை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகளில் முதல் படியை மட்டுமே அளக்கும்: பிடித்ததா, இல்லையா. நீங்கள் மூன்றாவது படியை, அதாவது நடத்தை மாறியதா என்பதைப் பாருங்கள். டீல் முடிய மாதங்கள் ஆகும் என்பதால் உடனே வருமானத்தைத் தேடாதீர்கள். இரண்டாவது சந்திப்பில் எம்.டி.யோ அக்கவுன்ட்ஸ் ஆளோ உட்கார்ந்த டீல்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

உங்கள் மூன்றில், பதிவுச் சோதனையில் தேறினால் மூன்று மாதக்காரரை எடுப்பேன். பெரிய ஐ.டி. நிறுவனத்தில் விற்றவருக்கு, நிறுவனப் பெயரே கதவைத் திறந்திருக்கும். பெயர் தெரியாத பொருளை விற்றிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் வொர்க்‌ஷாப்பில் தொடர் பயிற்சி இல்லையென்றால் எட்டுப் பேருக்கு அது அதிகச் செலவு. ஆன்லைன் வகுப்பு பிறகு சேரும் புதியவர்களுக்கு உதவும், இப்போது தேவையில்லை.

கட்டணத்தை மூன்றாகப் பிரித்து, கடைசித் தவணையைத் தொடர் அமர்வுகள் முடிந்த பிறகு கொடுங்கள். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையா, சேராததா என்று பாருங்கள். எல்லா அமர்விலும் விற்பனை மேலாளர் உட்கார வேண்டும், அந்த வேலையை நீங்களே பார்ப்பதாக இருந்தால் நீங்கள் உட்கார வேண்டும். மார்ச்சில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், வருடக் கடைசி டார்கெட்டைத் துரத்துகிறவர் வகுப்பில் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.