கணினி கேள்வி–பதில்: தானாக அணைகிறதா, யாராவது அணைக்கிறார்களா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. மே மாதம் முதல் இரண்டு தொல்லைகள். வேலையைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால், திரை கடவுச்சொல் கேட்டு நிற்கிறது. வேறு சில நாட்களில், பேத்தி பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. இத்தனைக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மதர்போர்டு (கணினியின் பாகங்களெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், மயூர் விஹார், தில்லி

பதில்: மதர்போர்டுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னர் அரை மணி நேரம் பொறுமையாகக் கணினியின் முன் அமருங்கள். கடைக்காரர் ஒரே நோயாகப் பார்ப்பவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டாக இருக்கும்.

கடவுச்சொல் திரையை முதலில் பார்ப்போம். உள்ளே போனதும், விட்டுச்சென்ற கோப்புகளும் பிரவுசரும் அப்படியே திறந்திருந்தால், கணினி ‘லாக்’ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ‘சைன் அவுட்’ ஆகவில்லை. செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குள் ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ என்ற பக்கத்தில், சற்று நேரம் கழித்துத் திரும்பினால் கடவுச்சொல் கேட்கலாமா என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம். அதே பக்கத்தில் உள்ள ‘டைனமிக் லாக்’ இயக்கப்பட்டிருந்தால், புளூடூத் மூலம் இணைத்த கைப்பேசியோடு தாங்கள் அடுத்த அறைக்குப் போனாலே கணினி பூட்டிக்கொள்ளும்.

திறந்திருந்தவை எல்லாம் மூடப்பட்டு வெறும் திரை மட்டும் வந்தால் கதை வேறு. ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியு-வைச் சொடுக்கினால் ‘அப் டைம்’ (கணினி கடைசியாக எழுந்ததிலிருந்து ஓடிய நேரம்) தெரியும். அது சில நிமிடங்களையே காட்டினால், தாங்கள் இல்லாத நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஏன் என்பதைக் கணினியே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானின் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘ஈவன்ட் வியூவர்’ இருக்கும். அதில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதனுள் ‘சிஸ்டம்’. அங்கே 1074 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தால், ஏதோ ஒரு நிரலோ பயனரோ முறைப்படி கட்டளையிட்டு அணைத்ததாகப் பொருள். கட்டளையிட்டது எது என்பதும் அந்தப் பதிவிலேயே இருக்கும். பெரும்பாலும் அது விண்டோஸ் அப்டேட்டாகத்தான் இருக்கும். அப்டேட் பகுதியின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ நேரத்தை 18 மணி நேரம் வரை குறித்துவிட்டால், அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் செய்யாது.

பேத்தியின் பாட நேரத்தில் நடப்பதற்கு 1074 கிடைக்காது. 41, 6008 என்ற எண்கள்தாம் கிடைக்கும். 41-க்குப் பக்கத்தில் ‘கெர்னல் பவர்’ என்ற பெயரைப் பார்த்ததுமே எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) பழுது என்றோ மதர்போர்டு பழுது என்றோ தீர்ப்பு எழுதுபவர்கள் உண்டு. ‘சென்ற முறை நான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை’ என்று கணினி மறுபடி எழுந்ததும் எழுதிக்கொள்ளும் குறிப்புதான் அது. அதில் காரணம் இராது. அதன் ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘பக்செக் கோட்’ என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் விண்டோஸே நிலைகுலைந்து நிற்கும் பிழை (‘நீலத்திரை’ என்பார்கள்) நேர்ந்திருக்கிறது. டிரைவர் (பாகங்களை இயக்கும் நிரல்), ராம் (நினைவகம்) ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பூஜ்யம் என்றால், மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது கணினி அப்படியே உறைந்து போயிருக்கலாம். பட்டென்று அணைவதாகத் தாங்கள் எழுதுவதால், மின்சாரத்தையே முதலில் சந்தேகிக்கிறேன்.

இன்வெர்ட்டர் இருந்துமா என்று கேட்பீர்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. மின்சாரம் நின்றபின் எஸ்.எம்.பி.எஸ். தன்னிடம் மிச்சமிருக்கும் மின்னேற்றத்தைக் கொண்டு முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான், அதாவது ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான், தாக்குப்பிடிக்கும். வயதானால் அதுவும் குறையும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் ‘ஈகோ’, ‘யு.பி.எஸ்.’ என்று இரண்டு நிலைகள் கொண்ட சுவிட்சு இருக்கிறது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதுமான ‘ஈகோ’ நிலையில் பேட்டரிக்கு மாறும் வேகம் குறைவு. மின்விசிறி ஒரு கணம் தயங்குவதை நாம் கவனிப்பதுகூட இல்லை, கணினியோ அதற்குள் அணைந்துவிடும். இதைவிட முக்கியமானது, ‘ஈகோ’ நிலையில் மின்னழுத்தம் 100 வோல்ட் அளவுக்கு இறங்கும் வரையில்கூட இன்வெர்ட்டர் தலையிடாமல் அந்தத் தாழ்ந்த மின்சாரத்தையே கடத்திக்கொண்டிருக்கும் என்பது. தெரு முழுவதும் ஏசி ஓடும் மே மாதப் பிற்பகலில், ஃபிரிட்ஜும் கூலரும் ஒரே சமயத்தில் கிளம்பினால் மின்னழுத்தம் எந்த அளவுக்கு இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘யு.பி.எஸ்.’ நிலைக்கு மாற்றினால் ஏறத்தாழ 180 வோல்ட்டிலேயே, அதுவும் விரைவாக, பேட்டரிக்கு மாறிவிடும். பேட்டரி அடிக்கடி வேலை செய்ய நேரும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

இன்வெர்ட்டரின் சுவிட்சை மாற்றிவிட்டு, ஒரு வாரத்துக்குக் கணினி அணையும் நேரத்தையும் அப்போது வீட்டில் கிளம்பிய சாதனத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கணினிக்கென்று தனி யு.பி.எஸ். (மின்சாரம் நின்றதும் கணினியைத் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனிக்கவும்: ‘சைன் வேவ்’ (சீரான அலைவடிவம்) அல்லாத இன்வெர்ட்டரின் மின்சாரத்தைச் சில யு.பி.எஸ்.கள் ஏற்காமல் ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டே இருக்கும்.

மற்றொரு சந்தேகம் சூடு. தில்லியின் புழுதிக்காற்றுக்கு இரண்டு கோடைகள் போதும், சிபியு-வின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் இடுக்குகளில் கம்பளிபோல் தூசி படிந்துவிடும். சூட்டால் அணையும் கணினி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அணைவதில்லை. முதலில் விசிறி இரையும், வேகம் தளரும், அணைந்த பின்னும் சில சமயம் உடனே மறுபடி ஓட மறுக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். சிபியு-வுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கணினி குளிரட்டுமே என்று கூலரின் ஈரக்காற்றை அதன் பக்கம் திருப்ப வேண்டாம்.

இவை எதற்கும் மசியாவிட்டால் கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ் பக்கம் போய், வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மதர்போர்டின் முறை அதற்கும் பிறகுதான்.

கேள்வி: என் மகனின் கணக்கு மட்டும் இரவு ஒன்பது மணிக்குச் சரியாகப் பூட்டிக்கொள்கிறது. வைரஸா?
— வாசகி, ராமகிருஷ்ணபுரம், தில்லி

பதில்: மணி தவறாத வைரஸ் அரிது. மைக்ரோசாஃப்டின் ‘ஃபேமிலி’ ஏற்பாட்டில் குழந்தையின் கணக்குக்குத் திரை நேரம் குறிக்கப்பட்டிருக்கும். தாங்கள் குறிக்கவில்லை என்றால், கணவரைக் கேளுங்கள்.

கேள்வி: காலையில் கணினியைத் திறந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது. மெயில் திறப்பதில்லை, தளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வருகிறது.
— வாசகர், கரோல் பாக், தில்லி

பதில்: இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் வழக்கம் தங்களுக்கு இருக்க வேண்டும். மின்சாரம் முற்றிலும் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள சிறு வட்ட பேட்டரி, அது தீர்ந்துவிட்டது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு என்பதால், பழைய தேதியில் பிரவுசர் அவற்றை ஏற்பதில்லை. பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றியதும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்துவிட்டு, ஒரு முறை இரவு முழுவதும் சுவிட்சை அணைத்து வைத்துச் சோதியுங்கள்.