விளையாட்டு யாருடையது? – கடிதம்

அன்புள்ள சார்,

வயது முப்பத்திரண்டு. வேலை, குடும்பம், ஒரு மகள் என்று ஆனபின் வீடியோ கேம் பக்கமே போகவில்லை. இப்போது மறுபடி ஆசை வந்திருக்கிறது. கேமிங் பிசி கட்டுவதா, பிளேஸ்டேஷன் 5 வாங்குவதா என்று மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருக்கிறேன். டெராஃபிளாப், ஃபிரேம் ரேட், ரே டிரேசிங் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எக்ஸெல் ஷீட்டே போட்டுவிட்டேன். இந்த வயதில் இதெல்லாம் சிறுபிள்ளைத்தனமோ என்ற கூச்சமும் இருக்கிறது. நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கூச்சத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் விளையாட உட்காருகிறவரிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. அந்த வரியை நீங்கள் எழுதியிருக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த எக்ஸெல் ஷீட்! இத்தனை மாதத்தில் ஒரு கேமாவது ஆடினீர்களா? அடுத்தவர் ஆடுவதை அளந்து சொல்லும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் வியாதி. டெராஃபிளாப் என்பது கிராபிக்ஸ் சிப் கணக்குப் போடும் வேகம். பிஎஸ்5 10.28 டெராஃபிளாப், அதன் போட்டியான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12. இரண்டும் 2020 நவம்பரில் வந்தவை. காகிதத்தில் பின்தங்கிய பிஎஸ்5 பல கேம்களில் அதற்குச் சமமாகவே ஓடியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கன்சோலில், அதாவது டிவியில் மாட்டி ஆடும் இந்தப் பெட்டிகளில், ஆன்லைனில் ஆடப் பெரும்பாலும் சந்தா கட்டவேண்டும், பிசியில் வேண்டாம். பிசியில் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் தகராறு, காட்சியை வரையும் ஷேடர் நிரல்கள் கம்பைல் ஆகும்போது வரும் திக்கல், எல்லாவற்றுக்கும் நீங்களே மெக்கானிக். மீதி உங்கள் ரசனை.

உங்கள் ஷீட்டில் ஒரு கேள்வியைக் காணோம். இன்று வாங்கும் கேமை இருபது வருடம் கழித்து ஓட்ட முடியுமா? கொஞ்ச நாளாக இதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

என் பெரியப்பா மகன் ஒரு சிடி பவுச் வைத்திருந்தார். இரவல் தருவார். திருப்பிக் கொடுக்கும்போது சிடியை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, புதுக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார். உறையின் உட்பக்கம் சீரியல் கீயைப் பேனாவால் எழுதியிருப்பார். அவர் கையெழுத்தில் எட்டுக்கும் ஆங்கில பி-க்கும் வித்தியாசமே கிடையாது. ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பார்க்கவேண்டும். அந்த சிடிக்களில் சில என்னிடமே தங்கிவிட்டன. அதில் ஒன்றின் இன்ஸ்டாலர், அதாவது கேமைக் கணினியில் ஏற்றும் நிரல், பழைய 16 பிட் வகை. இன்றைய 64 பிட் விண்டோஸில் அது ஓடவில்லை. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். ஓடியது. அண்ணனிடம் சொன்னால் "அப்படி ஒரு கேம் இருந்ததா?" என்கிறார்.

இப்போது வாங்குவதன் கதி என்ன? யுபிசாஃப்ட் கம்பெனியின் 'தி குரூ' என்ற கார் பந்தய கேம் 2014-இல் வந்தது. தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதற்குக்கூட கம்பெனியின் சர்வரோடு இணையத்தொடர்பு வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31-உடன் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் பட்டை நாமம். நிண்டெண்டோ 2023 மார்ச்சில் தன் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளை மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் போனது. கிடைப்பது வெறும் உரிமம்தான் என்பதை டிஜிட்டல் கடைகள் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது. பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 2024-லேயே அந்த வரியைப் போட்டுவிட்டது. நாம் படிக்காமல் அமுக்கிவிட்டுப் போகிறோம். முழு விலையும் கொடுத்துவிட்டு, சுவரில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேட்டு நிற்கிற பிழைப்பு.

உடனே பிசிதான் சுதந்திரம் என்று குதிக்காதீர்கள். ஸ்டீமிலும் உங்கள் கணக்கு அவன் கையில்தான். ஆனால் பிசிக்குக் கடை ஒன்றல்ல. ஜிஓஜி என்ற இன்னொரு கடையில் வாங்கினால் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொள்ளலாம், கடையே காணாமல் போனாலும் அது ஓடும். கன்சோலில் டிஜிட்டல் கடை ஒன்றே ஒன்று. இரவல் கொடுக்கவும் விற்கவும் அங்கே மிச்சமிருப்பது டிஸ்க் மட்டும்தான். அதற்கும் வேட்டு வைக்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது. தனியாக வாங்கி மாட்டி, முதல்முறை இணையம் வழியாக இணைத்தால்தான் வேலை செய்யும். டிஸ்க்கைச் சுழற்ற இணையம் எதற்கு என்று ஒருத்தர் கேட்கவில்லை. 2013 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டவேண்டும் என்று அறிவித்தார்கள். ஆட்கள் போட்ட சத்தத்தில் அந்த மாதமே பின்வாங்கினார்கள். இன்று அந்தச் சத்தம் எங்கே? மெல்லிசாக அழகாக இருக்கிறது என்று டிரைவ் இல்லாததைத் தேடி வாங்குகிறோம். நீங்களும் அதைத்தான் ஷீட்டில் போட்டிருப்பீர்கள், சந்தேகமே இல்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் மகள் இருக்கிறாள். டிவி முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுவதற்கு கன்சோலில்தான் தொந்தரவு குறைவு. டிஸ்க் டிரைவோடு வரும் பிஎஸ்5-ஐ எடுங்கள். பழைய கேம் ஆசையும் இருந்தால் அதற்குத் தனி பிசி கட்டவேண்டாம், வீட்டிலிருக்கும் லேப்டாப்பே தாங்கும். இரண்டாவது கண்ட்ரோலரை அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அதற்கும் நீங்கள் ஒரு ஷீட் போடுவீர்கள்.