அரிப்பு இருக்கட்டும், அந்தப் பொருக்கை முதலில் காட்டுங்கள்

கேள்வி: கணவருக்கு வயது 58. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆறு மாதமாக ராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு. முதுகு, கால், ஊசி போடும் கை என்று எல்லா இடத்திலும் சொறிகிறார். கையில் ஒரு பொருக்கு உதிராமலே இருக்கிறது. செட்ரிசின், வேப்பிலைப் பூச்சு எதற்கும் அடங்கவில்லை. ரத்தம் கெட்டுப்போனதன் அடையாளம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். இனி டயாலிசிஸ் பலன் தராதா?

பதில்: அந்த வீடியோவை மறந்துவிடுங்கள் அம்மா. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கும் இந்த அரிப்பு உண்டு. கடைசிக் கட்டம் என்று அதற்கு அர்த்தமில்லை.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பொருக்குதான் என் கவலை. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இணைத்து வைத்திருக்கும் ரத்தக்குழாய், அதன் மேல் உதிராத பொருக்கு, மெலிந்து பளபளக்கும் தோல், சிவப்பு, சீழ், குளிர் காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்கக் கூடாது. இன்றே கூட்டிப் போங்கள். அந்த இடம் வெடித்தால் ரத்தம் பீறிடும். துண்டைச் சுற்றினால் ரத்தத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நிற்காது. ரத்தம் வரும் புள்ளியிலேயே விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, விரலை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள். அவர் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அந்தக் கையில் வேப்பிலை, மஞ்சள் எதுவும் படக் கூடாது.

சரி, அரிப்புக்கு வருவோம். செட்ரிசின் அலர்ஜி மருந்து. இந்த அரிப்பு வேறு வகை. நான்கு மணி நேரமும் முழுசாக மெஷினில் இருக்கிறாரா? கால் இழுக்கிறது என்று அரை மணி முன்னதாகவே எழுந்துவிடுபவர்கள் நிறைய. அரிப்பைக் கூட்டக்கூடிய பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பரஸைப் பிடிக்காது. கோலா, பாக்கெட் தீனியை நிறுத்துங்கள். பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். வெந்நீர்க் குளியல் வேண்டாம். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத க்ரீமோ தடவுங்கள், ஃபிஸ்டுலா கையை விட்டுவிட்டு.

இதற்கும் அடங்காவிட்டால் காபாபென்டின் என்ற நரம்பு மருந்துக்கு நன்றாகவே கேட்கும். டயாலிசிஸ் முடிந்த பிறகு 100 மில்லிகிராம் என்று குறைவாகத்தான் தொடங்குவோம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தரும் 300-ஐ மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து அது. உடம்பிலேயே தங்கிப் பேச்சைக் குளறவைக்கும், ராத்திரி எழுந்தால் தள்ளாடி விழவைக்கும்.