எஸ்905எக்ஸ்4, ஆர்கே3528, எச்618: டிவி பாக்ஸில் எந்தச் சிப் நல்லது?

கேள்வி: ஆன்லைனில் மூன்று ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆல்வின்னர் எச்618, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், "6கே" என்று போட்டிருக்கிறது. அடுத்தது ராக்சிப் ஆர்கே3528, அதே 4/64, "8கே". மூன்றாவது ஆம்லாஜிக் எஸ்905எக்ஸ்4. அதில் 2 ஜிபியும் 16 ஜிபியும்தான், விலையோ அதிகம். மூன்றுமே குவாட் கோர். மூன்றாவதற்கு எதற்காக அதிகம் கொடுக்க வேண்டும்?

பதில்: எஸ்905எக்ஸ்4 உள்ளதையே வாங்குங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கூகுள், நெட்ஃபிளிக்ஸ் இரண்டும் சோதித்துச் சான்று தந்த பாக்ஸாக அது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கூடுதல் விலைக்குப் பாதிப் பலன்தான்.

டிவி பாக்ஸில் படத்தை ஓட்டுவது சிபியு கோர்கள் அல்ல. சிப்புக்குள்ளேயே தனியாக, சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் ஒரு டீகோடர் இருக்கிறது, எச்.264, எச்.265, விபி9, ஏவி1 என்ற சுருக்க முறைகளில் (கோடெக்) எதையெல்லாம் அது பிரிக்கும், எந்த அளவு வரை என்பதுதான் முதல் கேள்வி. மெனு நகர்வது, ஆப் திறப்பது, தேடல் இவைதான் கோர்களின் வேலை. அதனால் கோர் எண்ணிக்கையையும் ஜிகாஹெர்ட்ஸையும் வைத்து டிவி பாக்ஸை ஒப்பிடுவது பெரும்பாலும் வீண். ஆம்லாஜிக்கின் எஸ்905ஒய்4 ஸ்டிக் வகைக்கான சிப். அதில் இருப்பது கார்டெக்ஸ் ஏ35 என்ற மிக எளிய கோர்தான். ஆனாலும் 4கே ஏவி1-ஐ அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். எட்டு ஏ53 கோர் கொண்ட பழைய எஸ்912-ஆல் அது முடியாது, ஏனென்றால் அதன் டீகோடருக்கு ஏவி1 தெரியாது. ஜிகாஹெர்ட்ஸ் கணக்கின் லட்சணத்துக்கும் ஒரு சான்று உண்டு. எஸ்905-ஐயும் எஸ்912-ஐயும் 2 ஜிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்தினார்கள், உண்மையில் 1.5-ஐத் தாண்டவில்லை என்பது 2016-இல் அளந்து பார்த்தபோது வெளிவந்தது. மென்பொருள் மட்டும் 2.0 என்றே காட்டிக்கொண்டிருந்தது!

உங்கள் மூன்று சிப்புக்கு வருவோம். எச்618 என்பது பழைய எச்616-இல் எல்2 கேஷை (கோர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேக நினைவகம்) மட்டும் பெரிதாக்கியது. நான்கு ஏ53 கோர், மாலி ஜி31 ஜிபியு (வரைகலைப் பகுதி). டீகோடர் எச்.265, விபி9 வரை பார்க்கும், ஏவி1 கிடையாது. ஆர்கே3528-இலும் நான்கு ஏ53தான். அதன் ஜிபியு மாலி 450. 2012-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஜிபியுவில் ஓபன்ஜிஎல் இஎஸ் 2.0 என்ற பழைய வரைகலை முறைக்கு மேல் எதுவும் ஓடாது, புதிய முறையான வல்கன் இல்லவே இல்லை. புதிய ஆண்ட்ராய்டைப் போட்டு விற்றாலும் விளையாட்டும் கனமான முகப்பும் திணறும். இதிலும் ஏவி1 இல்லை. எஸ்905எக்ஸ்4-இல் நான்கு ஏ55, மாலி ஜி31, 12 நானோமீட்டர் தயாரிப்பு, 4கே 60 (நொடிக்கு 60 ஃப்ரேம்) வரை ஏவி1. ஏ55 என்பது ஏ53-இன் அடுத்த தலைமுறை. ரிமோட்டை அழுத்தியதும் மெனு நகர்வதில் அந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

"6கே", "8கே" இரண்டையும் மறந்துவிடுங்கள். இந்த மூன்று சிப்பிலிருந்தும் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போவது அதிகபட்சம் 4கே 60தான். எச்618 6கே எச்.265 கோப்பைப் பிரித்தாலும் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். அப்படி ஒரு கோப்பு உங்களிடம் இருக்கப்போவதும் இல்லை.

ஏவி1 இல்லாவிட்டால் இன்றைக்கே குடி முழுகிவிடாது. யூடியூப் 1080பி-க்கு மேல் எச்.264 தருவதில்லை, விபி9 அல்லது ஏவி1தான். ஏவி1 தெரியாத பாக்ஸுக்கு விபி9 வரும், அதுவும் 4கே-தான், ஆனால் அதே தரத்துக்கு டேட்டா கூடுதலாகச் செலவாகும். வேகம் குறைந்த இணைப்பில் அந்தக் கூடுதல்தான் படத்தை 1080பி-க்கு இறக்கும். நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரிலிருந்து டிவிகளுக்கும் ஏவி1 அனுப்புகிறது. ஐந்தாறு வருடம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் ஏவி1 இல்லாத சிப்பில் பணம் போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் சான்று. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவை படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. பூட்டைத் திறப்பது வைட்வைன். எல்1 நிலையில் பூட்டு திறப்பதும் படம் பிரிப்பதும் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடக்கும். எல்3 என்றால் எல்லாம் சாதாரண மென்பொருளில் நடக்கும். அதை நம்பிப் பெரும்பாலானவர்கள் எச்டி தரமாட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் 480பி-யோடு நின்றுவிடும். எல்1 இருந்தாலே போதும் என்பதும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தான் சோதித்த மாடல்களின் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறது. அதில் இல்லாத பாக்ஸ் எல்1 ஆக இருந்தாலும் 480பி-தான். ஒரே எஸ்905எக்ஸ்4 சான்று பெற்ற பாக்ஸிலும் இருக்கும், பெறாததிலும் இருக்கும். டால்பி (ஒலி, பட நுட்பம்) உரிமமும் அப்படியே: அதே சிப் டால்பி உரிமத்தோடும் விற்கப்படுகிறது, இல்லாமலும் விற்கப்படுகிறது.

4/64 விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மலிவு பாக்ஸ்களில் ஃபர்ம்வேரை (பாக்ஸோடு வரும் அடிப்படை மென்பொருள்) மாற்றி, செட்டிங்ஸ் திரையில் இல்லாத ரேமைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வீடியோ பார்க்க உண்மையான 2 ஜிபி போதும். ஸ்டோரேஜ் மட்டும் 8 ஜிபிக்கு இறங்க வேண்டாம். சிஸ்டம் எடுத்ததுபோக ஆப்களுக்கு 4 ஜிபி சொச்சம்தான் மிஞ்சும், அப்டேட் வரும்போதெல்லாம் "இடமில்லை" என்று தகராறு செய்யும்.

பாக்ஸ் கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். முதலில் டிஆர்எம் இன்ஃபோ என்ற ஆப்பை நிறுவி வைட்வைன் வரியில் எல்1 என்று வருகிறதா பாருங்கள். பிறகு நெட்ஃபிளிக்ஸில் "டெஸ்ட் பேட்டர்ன்ஸ்" என்று தேடி ஓட்டினால் ரெசல்யூஷனும் பிட்ரேட்டும் திரையிலேயே வரும். யூடியூபில் ஒரு 4கே 60 வீடியோவைப் போட்டு, செட்டிங்ஸில் "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்தால் கோடெக் வரியில் ஏவி01 அல்லது விபி09 என்று இருக்கும். பக்கத்தில் டிராப்ட் ஃப்ரேம்ஸ் (விட்டுப்போன ஃப்ரேம்கள்) எண்ணைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் சில விழுந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, ஏறிக்கொண்டே போனால் டீகோடர் ஈடுகொடுக்கவில்லை.

சிப்பே போலியா என்று பார்க்க சிபியு-இஸட் ஆப்பை நம்ப முடியாது; பெயரை ஃபர்ம்வேரிலேயே மாற்றிவிடுகிறார்கள். டெர்மக்ஸ் ஆப்பிலோ, கணினியிலிருந்து இணைக்கும் ஏடிபி ஷெல்லிலோ, ப்ராக் கோப்புறைக்குள் இருக்கும் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து "சிபியு பார்ட்" வரியைப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்து டி05 என்றால் ஏ55, டி03 என்றால் ஏ53, டி04 என்றால் ஏ35. எஸ்905எக்ஸ்4 என்று விற்ற பாக்ஸில் டி03 வந்தால் பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். பெயரை மாற்றுகிறவர்கள் இந்த வரி வரைக்கும் பெரும்பாலும் போவதில்லை.

சொந்தக் கோப்புகளை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து ஓட்டுபவர் என்றால் ஈதர்நெட்டையும் பாருங்கள். எஸ்905எக்ஸ்4 ஜிகாபிட் தாங்கும், ஆனால் செலவைக் குறைக்க 100 மெகாபிட் போர்ட்டோடு விடும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஆன்லைன் படத்துக்கு அது தாராளம். நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குக் கேட்பதே 15 மெகாபிட்தான். 4கே புளூ-ரே ரீமக்ஸ் (டிஸ்கிலிருந்து மேலும் சுருக்காமல் எடுத்த) கோப்பின் வேகமோ உச்சத்தில் 100 மெகாபிட்டைத் தாண்டும், அப்போது படம் நின்று நின்று ஓடும். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஜிகாபிட் அடாப்டர் செருகினால் சரியாகிவிடும். அதே போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் போடுகிறவர்கள் பாக்ஸோடு வரும் 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை நம்ப வேண்டாம். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மின்னழுத்தம் இறங்கி பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆகும். தனி பவர் உள்ள ஹப் வேண்டும். யூஎஸ்பி 3.0 கேபிளின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் விழும் என்பதால் டிஸ்கைப் பாக்ஸிலிருந்து தள்ளி வையுங்கள், வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரிமோட்டின் புளூடூத் திக்குவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

பெரிய பெயர்களிலும் இதே அளவுகோல்தான். என்விடியா ஷீல்டின் டெக்ரா எக்ஸ்1+ சிப் இந்த மூன்றையும் ஊதித் தள்ளும் வேகம், டால்பியின் ட்ரூஎச்டி ஆடியோவையும் அப்படியே ஆடியோ ரிசீவருக்கு அனுப்பும், ஆனால் ஏவி1 தெரியாது. 2022 ஆப்பிள் டிவியின் ஏ15-இலும் ஏவி1 ஹார்டுவேர் இல்லை. 2020-இன் 4கே குரோம்காஸ்ட்டில் எஸ்905டி3ஜி, அதிலும் இல்லை. 2022-இல் வந்த மலிவான எச்டி குரோம்காஸ்ட்டில் இருக்கிறது.

மலிவு பாக்ஸை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் கூகுள் கணக்கையும் வங்கி ஆப்பையும் அதில் போடாதீர்கள். எச்616 சிப்போடு விற்ற டி95 என்ற பாக்ஸின் ஃபர்ம்வேரிலேயே மால்வேர் இருந்தது 2023-இல் தெரியவந்தது. 2025 ஜூனில் இப்படிப்பட்ட பாக்ஸ்களில் பரவிய பேட்பாக்ஸ் 2.0 என்ற மால்வேர் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது. குற்றம் சிப்புடையது அல்ல, அதில் ஏற்றிய மென்பொருளுடையது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது, ஏனென்றால் அது சிஸ்டம் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் பாக்ஸை அதில் மட்டும் இணையுங்கள்.