ஜனவரியில் பாஸ்போர்ட் எங்கே இருந்தது?

கேள்வி: சீனாவில், செங்டு நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாக மென்பொருள் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் நாற்பது பேர். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் கீரையைக்கூடப் பன்றிக்கொழுப்பில் வதக்குகிறார்கள். குளிர்கால விடுமுறையில் வளாகமே காலி, பைத்தியம் பிடிக்கிறது. போன இரண்டு வருடமும் ஊருக்குப் போகவில்லை. பாஸ்போர்ட் போலீஸ் ஆபீஸில் மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஒரு டியூஷன் சென்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தேன், மணிக்கு 250 யுவான், பொழுதும் போயிற்று. மனைவியும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும் தஞ்சாவூரில். ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. மாணவர்களைப் பேசவைக்க என்ன வழி? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா?
— பெயர் வேண்டாம், செங்டு

பதில்: மாணவர்கள் இருக்கட்டும். முதலில் அந்தப் பாஸ்போர்ட்டைப் பேசுவோம்.

சீனாவில் வேலை பார்க்கிறவர் பாஸ்போர்ட்டைப் போலீஸிடம் கொடுப்பது வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க. அனுமதி முடிவதற்கு 30 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிய 15 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். பாஸ்போர்ட் உள்ளே இருக்கும்வரை கையில் ஒரு ரசீது இருக்கும். உங்கள் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது என்றால், கோடையில்தான் பாஸ்போர்ட் உள்ளே போகும். ஜனவரியில் அது உங்கள் மேசை டிராயரில் இருந்தது. அதில் ஒட்டியிருக்கும் அனுமதி செல்லும்வரை ஊருக்குப் போய்த் திரும்பப் புது விசாகூட வேண்டாம். திரும்பி வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்தால் போதும். மூன்று வருடம் இருந்த உங்களுக்கு இது தெரியாதா?

'அந்த ரசீதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க' என்று உங்கள் மனைவி கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர் கேட்கவில்லை, நம்பிவிட்டார். இரண்டு முறை. மாட்டிக்கொள்ள வழியில்லாத ஆளாகப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

அடுத்தது அந்த டியூஷன். உங்கள் வேலை அனுமதியில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர். அதற்கு வெளியே சம்பளத்துக்குப் பாடம் எடுத்தால் அது சட்டவிரோத வேலை: 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், பெரிதாகிப் போனால் 5 முதல் 15 நாள் காவல். நாட்டைவிட்டு அனுப்பிவிட்டால் ஒன்றிலிருந்து ஐந்து வருடம் உள்ளே வர முடியாது. போதாக்குறைக்கு, வீட்டுப்பாடம், டியூஷன் இரண்டையும் குறைக்க 2021 ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' உத்தரவுப்படி பள்ளிப் பாடங்களுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் டியூஷன் எடுப்பதே தடை. அதில் இங்கிலீஷும் அடக்கம். அந்த சென்டரே ஒளிந்து நடக்கிறது. ஆய்வுக்கு ஆள் வந்தால் முதலில் கண்ணில் படுகிறவர் நீங்கள்தான்.

கணக்கும் உதைக்கிறது. ஐந்து வாரத்தில் நூறு மணி நேரம் எடுத்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்: 25,000 யுவான். அபராதம் முழுசாக விழுந்தால் எண்பது மணி நேர உழைப்பு போச்சு. மிச்சத்தையும் ஊருக்கு அனுப்ப முடியாது. சம்பளத்தை அனுப்ப வங்கி பாஸ்போர்ட், ஒப்பந்தம், வரி கட்டிய சான்று மூன்றையும் கேட்கும். சென்டர்காரர் வீச்சாட் செயலியில் போட்ட பணத்துக்கு எந்தச் சான்றைக் காட்டுவீர்கள்? குடும்பத்துக்காக என்று சொல்லிச் சம்பாதித்தது குடும்பத்தின் கைக்கே போகவில்லை. இதற்காகவா நான்காம் வகுப்பில் ஒருமுறை, ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை அந்தக் குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது? பிள்ளை வளர்கிற வருடங்களில் தகப்பன் வருடத்துக்கு ஒரு முறையாவது வீட்டில் இருந்தாக வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் விடுமுறையும் மகளின் விடுமுறையும் ஒத்துப்போகாது. அவளுக்கு அரைப்பரீட்சை லீவு டிசம்பர் கடைசியில், உங்களுக்கு அப்போது பாடம் முடிந்து தேர்வு தொடங்கும் நேரம். உங்களுக்கு விடுமுறை ஜனவரி நடுவில், அவளுக்குப் பொங்கலோடு பள்ளி திறந்துவிடும். பரவாயில்லை, பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற அப்பாவாக நாலு வாரம் இருங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் இடம் மாறும், விடுமுறையும் அதோடு நகரும். அதனால் செப்டம்பரிலேயே கல்வி நாட்காட்டியைப் பார்த்து, நவம்பருக்குள் டிக்கெட் போடுங்கள். புத்தாண்டுக்கு 15 நாள் முன்பே ஊர் திரும்பும் கூட்டம் தொடங்கிவிடும், அப்புறம் விலையைத் தொட முடியாது. விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் ஏற்றி, தாள் கட்டை அலுவலகத்தில் ஒப்படைக்கத் தேர்வுக்குப் பின் ஒரு வாரம் விட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் டிக்கெட் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

மே மாதம் அவளுக்குப் பள்ளி இல்லை. தாயையும் மகளையும் அப்போது செங்டுவுக்கு அழையுங்கள். வேலை பார்க்கிறவரின் குடும்பத்துக்கு எஸ்2 விசா, 180 நாள் வரை. உங்கள் அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், வசிப்பு அனுமதி நகல், திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அறையில் அவர்களைத் தங்கவைக்கலாமா என்று வைபானில், அதாவது வெளிநாட்டவர் அலுவலகத்தில், முன்கூட்டியே கேளுங்கள். வந்ததும் அவர்களுக்கும் அதே 24 மணி நேரப் பதிவு. நீங்கள் வகுப்பில் இருக்கும் நேரம் அவர்கள் பாண்டா பார்த்துவிட்டு வரட்டும். சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம், அரிசியும் பச்சைப்பயறும் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், ஒரு குக்கர் வாங்கி வையுங்கள். மூன்று வருடமாக வாங்காமல் கீரையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பானேன்?

வகுப்பு பேசாததற்கு: நாற்பது பேர் முன்னால் தப்பாகச் சொல்லி முகம் இழக்க எந்தப் பிள்ளையும் துணியாது. பொதுவாகக் கேட்காதீர்கள். கேள்வியைப் பலகையில் எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் சீன மொழியிலேயே பேசவிடுங்கள், பிறகு ஒரு ஜோடியைப் பெயர் சொல்லி எழுப்புங்கள். முன்னாலேயே வகுப்புத் தலைவரை, அவர்கள் சொல்லும் பான்ச்சாங்கை, கூப்பிட்டு, பருவ மதிப்பெண்ணில் எத்தனை இதற்கு என்று வீச்சாட் குழுவில் போடச் சொல்லுங்கள். நாலு வாரத்தில் தெரியும்.

ஒப்பந்தம் மனைவி சம்மதித்தால் புதுப்பியுங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஆனால் நடந்ததெல்லாம் தெரிந்த பிறகு அவர் சொல்கிற சம்மதம்தான் சம்மதம். கிளம்புவதானால் பணி விலகல் சான்றும் வேலை அனுமதி ரத்துச் சான்றும் வாங்காமல் வளாகத்தை விட்டு வராதீர்கள்.

இந்த ஞாயிறு உங்கள் நேரம் இரவு 10:30-க்குக் கூப்பிடுங்கள், தஞ்சாவூரில் எட்டு மணிதான், குழந்தை தூங்கியிருக்காது. அவளோடு பேசி முடித்துவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள்.