கதம்பமான அறைக்கு எந்த ஜன்னல் திரை பொருந்தும்?

கேள்வி: எங்கள் ஹாலில் ஒரு சுவர் அடர்பச்சை. சோபா கடுகு மஞ்சள். தரையில் கோடு போட்ட ஜமக்காளம், சுவர் நிறையப் படங்கள். பழசும் புதுசும் கலந்துதான் இருக்கிறது, எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. ஜன்னலுக்கு என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் வெள்ளை ப்ளைண்ட் போடச் சொல்கிறார்கள். சரியாக வருமா?

பளீர் வெள்ளை வேண்டாம். சலவை ஏறாத காடாத் துணியில், பின்பக்கம் லைனிங் கொடுத்து, கீழே அழுத்தமான நிறத்தில் ஒரு கரை வைத்து ரோமன் ப்ளைண்ட் (கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் துணித் திரை) தைத்துப் போடுங்கள். அவசரமாகப் பதில் வேண்டுமென்றால் இவ்வளவுதான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே விஷயத்தில் நான் ஒரு தடவை கைநிறையப் பணம் போட்டுத் தவறு செய்திருக்கிறேன்.

எங்கள் வீடு மதுரையில், முதல் மாடி. ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது, ஆறடி அகலம். ஒரு சுவருக்கு மயில்கழுத்து நிறம். தரையில் ஆத்தங்குடிக் கல், அதில் அரக்கும் மஞ்சளும் பச்சையுமாகப் பூக்கள். அப்பத்தா வீட்டிலிருந்து வந்த தேக்கு ஊஞ்சல், அதன்மேல் பவானி ஜமக்காளம். ஒரு தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த எனாமல் தட்டுகள். எதுவும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, ஆனால் எல்லாம் எனக்கு வேண்டியவை.

இந்த அறைக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று நினைத்து, பெரிய பெரிய செம்பருத்திப் பூப் போட்ட ஆரஞ்சுத் துணியில் ரோமன் ப்ளைண்ட் செய்யக் கொடுத்தேன். கடையில் சாம்பிள் புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணைப் பறித்தது. மாட்டிய அன்று காலையில்கூட நன்றாகத்தான் இருந்தது. மூன்றரை மணிக்கு வெயில் ஜன்னலுக்கு வந்தது. அறை முழுக்க ஆரஞ்சு ஏறியது. மயில்கழுத்துச் சுவர் சேற்று நிறத்துக்குப் போனது, தரையில் இருந்த பச்சைப் பூக்கள் கறுத்தன. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் காய்ச்சல் கண்டது மாதிரி இருந்தது. திரையில் இருந்த செம்பருத்தியாவது தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை. முன்பக்கம் அச்சடித்த பூ, வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் வெறும் இருட்டுத் திட்டாகத்தான் தெரியும்.

பகலில் ஜன்னல்தான் அறையின் விளக்கு. அதன்முன் நிறத் துணியைத் தொங்கவிட்டால் விளக்குக்கு வண்ணக் காகிதம் சுற்றியது போல ஆகிவிடும். வெறும் சுவர் உள்ள அறையில் இது பெரிய விஷயமில்லை, அழகாகக்கூட இருக்கும். உங்கள் அறையில் ஏற்கெனவே பச்சையும் மஞ்சளும் இருக்கின்றன, அவை தத்தம் நிறத்தில் தெரிந்தால்தான் அழகு. அதனால் ப்ளைண்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் துணியை மட்டும் பார்க்காதீர்கள். அது மறைத்திருக்கும்போது சுவரும் சோபாவும் என்ன நிறத்தில் தெரிகின்றன என்று பாருங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான்.

என்னைக் காப்பாற்றியவர் ஒரு டெய்லர். புதுமண்டபத்தில் வெகுகாலம் தைத்தவர். துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தவர், "அக்கா, இதுக்கு லைனிங்கே கொடுக்கலையே. இப்படியே விட்டா ஒரு வருஷத்துல மடிப்பு மடிப்பா வெளுத்துப் போயிரும்" என்றார். சொன்னபடியே, இரண்டு கோடை கழிவதற்குள் வெயில் நேரே பட்ட பட்டைகள் வெளிறிவிட்டன. மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் பழைய ஆரஞ்சில் நின்றது.

அப்புறம் அவரிடமே கேட்டுச் செய்ததுதான் இப்போது இருப்பது. கனமான காடாத் துணி, பின்னால் இன்னொரு அடுக்குப் பருத்தி லைனிங். கீழே 4 அங்குலத்துக்கு, அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையிலிருந்து வெட்டிய அரக்குக் கரை. முழுச் சேலையையும் திரையாக்கிவிடலாமா என்று ஆசை இருந்தது. பழைய பருத்தி வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும் என்று அவர் தடுத்தார். கரையாக வைத்தால் பின்னால் லைனிங் காக்கும். அந்த அரக்கு தரையிலுள்ள பூவிலும் இருக்கிறது, ஜமக்காளத்தின் ஒரு கோட்டிலும் இருக்கிறது. அறையில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் உள்ள ஒரு நிறத்தை ஜன்னலிலும் கொஞ்சம் வைத்தால் கண் மூன்றையும் தானாகவே கோத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அந்த வேலையைக் கடுகு மஞ்சள் செய்யும் என்று நினைக்கிறேன்.

கதம்பம் கட்டுகிறவர்களைப் பாருங்கள். கனகாம்பரம், மல்லி, ரோஜா என்று எதை வைத்தாலும் இடையிடையே மரிக்கொழுந்தோ மருவோ ஒரு கொத்து வைத்துத்தான் முடிச்சுப் போடுவார்கள். அந்தப் பச்சை இல்லாவிட்டால் கனகாம்பரமும் ரோஜாவும் ஒன்றையொன்று அடிக்கும். உங்கள் ஹாலில் ஜன்னல் திரைக்கு அந்த மரிக்கொழுந்தின் இடத்தைக் கொடுங்கள்.

வெள்ளை ஏன் வேண்டாம் என்கிறேன்? அடர்ந்த நிறங்களுக்கு நடுவே சலவை வெள்ளை ஓட்டை மாதிரித் தெரியும். வெயில் பட்டால் கண் கூசும், கூசிய கண்ணுக்குப் பக்கத்துச் சுவர் இன்னும் இருண்டு தோன்றும். காடாவில் இயற்கையாகவே கொஞ்சம் பழுப்பும் பருத்திக்கொட்டைத் தூளின் புள்ளிகளும் இருக்கும். மோர் நிறம் என்று சொல்லலாம். தேக்கு, பித்தளை, அரக்கு எதன் பக்கத்திலும் உறுத்தாது. காடா பிடிக்கவில்லை என்றால் சந்தன நிறம், பாக்கு நிறத்தில் வெளிறியது, இவற்றைப் பாருங்கள். சாம்பல் நிறத்தை நான் தவிர்ப்பேன். மஞ்சள் சோபாவுக்கு அருகில் அது லேசாக ஊதா அடிக்கும்.

டிசைன் போட்ட துணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதற்குக் கருநீலச் சுங்குடி, லைனிங் இல்லாமல். சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, சுற்றியுள்ள துணியில் சாயம் இரண்டு பக்கமும் ஊறியிருக்கும். காலையில் அந்தப் பக்கம் வெளிச்சம் வந்ததும் நீலம் அடங்கி, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக விழித்துக்கொள்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்காது. நூல் இறுகிய இடத்தில் சின்ன வளையம், தளர்ந்த இடத்தில் லேசான கசிவு. கையால் முடிந்தது என்பது அப்போதுதான் தெரியும். அச்சடித்த துணிக்கு லைனிங் வேண்டும். இப்படி நூலோடு ஊறிய நிறத்துக்கு வெளிச்சம்தான் வேண்டும். ஆனால் இதைச் சின்ன ஜன்னலில் செய்யுங்கள். ஆறடி ஜன்னலில் போட்டால் அறையே நீலமாகிவிடும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: நம் ஜன்னல்களில் கம்பி கிரில் இருக்கும். மெல்லிய திரையாக இருந்தால் வெயில் அந்த கிரிலின் நிழலை அப்படியே துணியில் வரையும். பூப் போட்ட துணிமேல் அது விழுந்தால் கசகசவென்று ஆகிவிடும், வெறும் துணியில் விழுந்தால் கோலம் மாதிரி அழகு. இப்போது எல்லாரும் போடுகிற ஸீப்ரா ப்ளைண்ட் உங்கள் அறைக்குச் சரிப்படாது என்று நினைப்பதற்கும் இதுதான் காரணம். அதில் குறுக்குப் பட்டை, கிரிலில் கம்பி, தரையில் ஜமக்காளக் கோடு. கண்ணுக்கு ஓய்வே கிடைக்காது.

ரோலர் ப்ளைண்ட் மோசமில்லை, சமையலறைக்கு அதுதான் வசதி, துடைத்துவிடலாம். சன்ஸ்கிரீன் துணி என்று கேட்டால் 3%, 5%, 10% என்று கண் அளவு, அதாவது நெசவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறது என்று, சொல்வார்கள். எண் ஏற ஏற வெளியே நன்றாகத் தெரியும், கூச்சமும் ஏறும். மேற்கு ஜன்னலுக்கு 3% போதும். ஆனால் ராத்திரி விளக்கு போட்டால் தெருவிலிருந்து உள்ளே தெரியும், அதற்குத் தனியாக ஒரு திரை வேண்டும். வெனிஷியன் ப்ளைண்டில் குறுக்கே அடுக்கிய பட்டை ஒவ்வொன்றிலும் தூசி சேரும். தினமும் துடைக்க ஆள் இருந்தால் பாருங்கள்.

மடிப்பு மடிப்பாகத் தொங்கும் வழக்கமான ஸ்கிரீனைவிட ரோமனை நான் சொல்வதற்குக் காரணம், இறக்கினால் துணி தட்டையாக நிற்கும், ஏற்றினால் ஒதுங்கிவிடும். தரை வரைக்கும் துணி தொங்காததால் உங்கள் சோபாவும் படங்களும் இடம் இழக்காது. ஒரு சிக்கல்: ஏற்றிய பிறகும் மேலே முக்கால் அடிக்கு மடிப்பு தங்கும். ஜன்னலுக்கு மேல் சுவர் இருந்தால் ஓர் அடி உயர்த்தியே மாட்டுங்கள், கண்ணாடி முழுக்கத் திறந்திருக்கும். கதவு உள்பக்கம் திறக்கிற ஜன்னலா, கொசுவலை உள்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டத்துக்குள் மாட்டுவதாக இருந்தால் அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து சின்ன அளவைக் கொடுங்கள். நம் கட்டடங்களில் மூன்றும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

வெப்பத்துக்கு உள்ளே போடுகிற எந்தத் துணியையும் முழுசாக நம்ப வேண்டாம். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு உள்ளேதான் இருக்கும். பால்கனி இருந்தால் வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி கட்டிவிடுங்கள், சித்திரையில் வித்தியாசம் தெரியும். வெட்டிவேர்த் தட்டி கிடைத்தால் தண்ணீர் தெளித்து வையுங்கள், காற்றும் குளிரும், வீடும் மணக்கும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது: உள்ளங்கை அளவு சாம்பிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மீட்டர் துணியை விலை கொடுத்தே வாங்கி, துணிக் கிளிப் போட்டு ஜன்னலில் மூன்று நாள் தொங்கவிடுங்கள். காலையில் பாருங்கள், வெயில் நேரே அடிக்கும்போது பாருங்கள், இரவில் விளக்கு போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் திரையிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பச்சைச் சுவரைப் பாருங்கள். இரவில் சுவர் செத்த மாதிரி இருந்தால் குற்றம் திரையில் இல்லாமல் விளக்கில் இருக்கலாம். 6500 கெல்வின் என்று போட்ட, நீலம் கலந்த வெள்ளை பல்பு அரக்கையும் மஞ்சளையும் மங்கலாக்கும். மஞ்சள் கலந்த 3000 கெல்வினுக்கு மாற்றிய பிறகு எங்கள் ஊஞ்சலின் தேக்கு நிறமே திரும்பி வந்தது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்கவே கூடாது, கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. கயிறில்லாத வகையாகக் கேளுங்கள், இல்லையென்றால் கைக்கெட்டாத உயரத்தில் சுவரில் கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். அப்புறம், காடாத் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். லைனிங்குக்கும் அப்படியே. என்னுடையதில் லைனிங்கை மட்டும் நனைக்க மறந்துவிட்டோம். முதல் சலவையில் அது ஓர் அங்குலம் சுருங்கி முன்துணியை இழுத்துக்கொண்டது, பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

உங்கள் ஜன்னல் எந்தத் திசை, எவ்வளவு அகலம் என்று கீழே எழுதினால், கரைக்கு எந்த நிறம் வரும் என்று யோசித்துச் சொல்கிறேன்.